பூந்தமல்லியும் ஹைஃபாவும்: பெங்களூரின் இரு குதிரைப்படைகள்

(பெங்களூரில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் செப்டம்பர் 23ஆம் நாள் ‘ஹைஃபா தினம்’ கடைப்பிடிக்கப்படுகிறது. 1918ஆம் ஆண்டு அந்த நாளில், பாலஸ்தீனத்தின் துறைமுக நகரமான ஹைஃபாவை, பிரிட்டிஷ் தளபதிகளின் கீழ்ச் சென்ற இந்தியக் குதிரைப்படையினர் துருக்கியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களில் ஒரு பிரிவினர் இந்தப் பெங்களூரிலிருந்து சென்ற மைசூர் லான்சர்ஸ் படையினர். ஜே.சி. நகரில் அவர்களுடைய நினைவுத்தூண் நிற்கிறது. போரில் மாண்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

இறந்த வீரர்களை நினைவுகூர்வதில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்த நினைவைக் கொண்டு இன்று என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டியுள்ளது. 2017 ஜூலையில் இஸ்ரேல் சென்ற பிரதமர் மோடி, ஹைஃபாவிலுள்ள இந்தியக் கல்லறையில் அஞ்சலி செலுத்தினார். 2018 ஜனவரியில் நெதன்யாகு தில்லிக்கு வந்தபோது, தீன் மூர்த்தி சவுக் ‘தீன் மூர்த்தி ஹைஃபா சவுக்’ ஆக்கப்பட்டது. இந்திய வீரர்கள் ஹைஃபாவை ‘விடுவித்தார்கள்’ என்றும், இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் உள்ள நட்பு அன்றே இரத்தத்தால் எழுதப்பட்டது என்றும் சங் பரிவாரம் பரப்புரை செய்கிறது. 1918இல் இஸ்ரேல் என்ற அரசே கிடையாது என்பது இந்தப் பரப்புரையாளர்களுக்கு ஒரு பொருட்டல்ல.

இதே பெங்களூரிலிருந்து, அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, இன்னொரு குதிரைப்படை புறப்பட்டது. அது சென்னை ராணுவத்தின் 8ஆவது குதிரைப்படை. 1857இல், தம் நாட்டு மக்களுக்கு எதிராகப் போரிட மறுத்து அது பூந்தமல்லியில் நின்றுவிட்டது. அதற்கு எந்தச் சவுக்கத்திலும் சிலை இல்லை. எந்த அரசும் அதற்கு ஒரு தினம் கொண்டாடுவதில்லை. இந்த இரு படைகளின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான், காலனி ராணுவத்தில் சேர்ந்த நம் மக்களின் உண்மையான வரலாறு புரியும். இன்றைய வகுப்பின் பொருள் இதுவே.

தண்டு உருவான விதம்

1791 மார்ச்சில் காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்டார். அங்கு நிறுத்தப்பட்ட ஆங்கிலப் படை காய்ச்சலால் அவதியுற்றதால், 1809இல் அல்சூரை ஒட்டிய மேட்டு நிலத்தில் புதிய ராணுவக் குடியிருப்பு அமைக்கப்பட்டது. அதுவே பெங்களூர் கண்டோன்மென்ட். மக்கள் வழக்கில் அது ‘தண்டு’. தண்டு என்றால் படை. சிவாஜி நகரின் தண்டு மாரியம்மன் கோயில் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ராணுவம் தனியாக வரவில்லை. சென்னை மாகாணத்திலிருந்து தமிழ் மக்கள் அதன் பின்னால் வந்தனர். குதிரை லாயத்தில் வேலை செய்தவர்கள், சுமை தூக்கியவர்கள், சமையல்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், கொத்தனார்கள், சிறு வணிகர்கள் எனப் பலரும் அதில் இருந்தனர். ஒரு குதிரைப்படை என்றால் ஈட்டியும் வாளும் ஏந்திய வீரர்கள் மட்டுமல்லர். ஒவ்வொரு குதிரைக்கும் அதைப் பராமரிக்க ஒருவர், புல் அறுத்து வர ஒருவர் என்பது அன்றைய நடைமுறை. ஆகவே போர் வீரர்களை விட அதிகமான உழைப்பாளிகள் படையோடு நடந்தனர். எந்த ரெஜிமெண்ட் வரலாற்று நூலும் அவர்களின் பெயரைச் சொல்வதில்லை. பெங்களூர்த் தமிழர்களாகிய நம்மில் பலருடைய முன்னோர் அந்தப் பெயரற்ற வரிசையில் வந்தவர்களே.

குதிரைப்படை முகாமின் நினைவாகக் ‘கேவல்ரி ரோடு’ என்று அழைக்கப்பட்ட சாலைக்கு இன்று காமராஜர் சாலை என்று பெயர். பெயர் மாறியதில் தவறில்லை. ஆனால் அந்தச் சாலையில் யாருடைய குதிரைகள் எதற்காக நடந்தன என்ற கேள்வியும் பெயரோடு சேர்ந்து மறைந்துவிடக் கூடாது.

சென்னை மாகாணக் குதிரைப்படையின் மூலம் ஆற்காடு நவாபின் குதிரைப்படை. அதன் வீரர்களில் முஸ்லிம்களே பெரும்பான்மையோர். கம்பெனியின் கைக்கு மாறிய தொடக்க காலத்திலேயே, 1784இல், நிலுவைச் சம்பளம் கேட்டு ஆரணியில் அவர்கள் கலகம் செய்தனர். ஆனால் கூலிக்கு அமர்த்தப்பட்ட படை எப்போதும் ஒரே திசையில் நடப்பதில்லை. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுச்சி கொண்டபோது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் தலைமையில் பாய்ந்து வந்து அதை நசுக்கியது குதிரைப்படைதான். ஆங்கில டிராகூன்களுடன் சென்னையின் 7ஆவது இந்தியக் குதிரைப்படையும் அதில் இருந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்று கொன்று குவிக்கப்பட்டனர். ஏகாதிபத்தியத்தின் ராணுவத்தில் குதிரைப்படைக்கு ஒதுக்கப்பட்ட முதன்மைப் பணி இதுவே: எங்கே மக்கள் எழுகிறார்களோ அங்கே விரைந்து சென்று அடக்குவது.

பூந்தமல்லியில் நின்ற குதிரைகள்

1857 மே 10ஆம் நாள் மீரட்டில் எழுந்த பேரெழுச்சியின் தொடக்கமே ஒரு குதிரைப்படையிலிருந்து வந்தது என்பதை நினைவுபடுத்த வேண்டும். வங்காள ராணுவத்தின் 3ஆவது குதிரைப்படையைச் சேர்ந்த 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்குக் கால்விலங்கு பூட்டப்பட்ட மறுநாள் மீரட் எரிந்தது. இந்தியச் சிப்பாய் ராணுவத்தை உருவாக்கியதன் மூலம், இந்திய மக்களுக்கு முன்பு இல்லாத ஒரு பொது எதிர்ப்பு மையத்தை ஆங்கிலேயர் தம் கையாலேயே அமைத்துக் கொடுத்துவிட்டனர் என்று மார்க்ஸ் அந்த ஆண்டே நியூயார்க் டிரிப்யூனில் எழுதினார்.

வடக்கில் எழுச்சி பரவியபோது, அதை அடக்கச் சென்னை ராணுவத்தை அனுப்புவது என்று முடிவாயிற்று. பெங்களூரில் இருந்த 8ஆவது குதிரைப்படை சென்னைக்குச் சென்று அங்கிருந்து வங்காளத்துக்குக் கப்பலேற வேண்டும் என 1857 ஆகஸ்டில் ஆணை பிறந்தது. படை புறப்பட்டது. சென்னைக்கு ஏறத்தாழ 25 மைல் தொலைவில் அது நின்றது. 1837க்கு முன்பிருந்த சம்பளம், படி, ஓய்வூதியம் ஆகியவற்றை மீண்டும் தர வேண்டும் என்று வீரர்கள் கோரினர்.

இந்தக் கோரிக்கையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சம்பளம், படி, ஓய்வூதியம்: எந்தத் தொழிற்சங்க மேடையிலும் நாம் கேட்கும் சொற்கள் இவை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு வெட்டப்பட்ட உரிமையை அவர்கள் மறக்கவில்லை. அரசுக்குத் தங்கள் தேவை மிகுந்த நேரம் எது என்பதையும் அறிந்திருந்தனர். அரசு பணிந்தது; கோரிக்கை ஏற்கப்பட்டது.

படை மீண்டும் நடந்து பூந்தமல்லியை அடைந்தது. அங்கே மறுபடியும் நின்றது. இம்முறை சம்பளப் பேச்சு இல்லை. தம் நாட்டு மக்களுக்கு எதிராகப் போரிட மாட்டோம் என்று வீரர்கள் அறிவித்தனர்.

கேட்ட ஊதியம் கிடைத்த பிறகே இந்த மறுப்பு வந்தது என்பதுதான் இதன் சிறப்பு. கூலிக்காக எதையும் செய்பவர்கள் என்று சிப்பாய்களை ஏளனம் செய்வோருக்குப் பூந்தமல்லி பதில் சொல்கிறது. பொருளாதாரக் கோரிக்கையில் தொடங்கிய ஒற்றுமை, சில மைல் தொலைவுக்குள் அரசியல் முடிவாக வளர்ந்தது. போராட்டத்தின் போக்கில் உணர்வு எப்படி உயர்கிறது என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று இது.

அரசு பீரங்கிகளைக் கொண்டுவந்து அவர்களைச் சூழ்ந்தது. ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வீரர்கள் குதிரைகளிலிருந்து இறக்கப்பட்டு ஆற்காட்டுக்கு அனுப்பப்பட்டனர். சென்னைக் குதிரைப்படையில் குதிரைகள் அரசின் உடைமை. ஆகவே ஆட்களை இறக்கிவிட்டுக் குதிரைகளை மட்டும் கல்கத்தாவுக்குக் கப்பலேற்ற முடிந்தது. பின்னர் அந்த ரெஜிமெண்டே கலைக்கப்பட்டது.

‘சென்னை ராணுவம் விசுவாசமாக இருந்தது’ என்பது ஆங்கிலேயர் எழுதிய வரலாறு. தென்னாட்டில் 1857இல் எதுவும் நடக்கவில்லை என்று நம் பாடநூல்களும் நெடுங்காலம் அதையே திருப்பிச் சொல்லின. அதே ஆண்டு சென்னையிலிருந்து ஐரோப்பியர் படையோடு சென்று காசியிலும் அலகாபாத்திலும் மக்களைக் கொன்று குவித்த நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைக்கப்பட்டது. அதை அகற்றக் கோரி 1927இல் மக்கள் சத்தியாகிரகம் நடத்திச் சிறை சென்றனர். 1937இல்தான் அது அங்கிருந்து அகற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. கொலை செய்யச் சென்றவருக்குச் சிலை. கொலை செய்ய மறுத்தவர்களுக்கு மறதி. இதுவே காலனி ஆட்சியின் நினைவு அரசியல்.

மன்னரின் செலவில் பேரரசின் படை

1857இலிருந்து ஆங்கிலேயர் பாடம் கற்றனர். இந்தியச் சிப்பாய்களின் விகிதத்தைக் குறைத்தனர். ஐரோப்பியப் படையைக் கூட்டினர். பீரங்கிகளைப் பெரும்பாலும் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். சாதி, மதம், பிரதேசம் என்று பிரித்து ஆளெடுக்கும் முறையை வகுத்தனர். ‘வீர இனங்கள்’ என்ற கோட்பாடு இதன் தொடர்ச்சி. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்குத் தகுதியற்றவர் என்ற கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். மறுப்புத் தெரிவித்த மக்களைக் கோழைகள் என்று பெயரிட்டு ஒதுக்குவது ஆளும் வர்க்கத்துக்கு எளிது.

இதே காலத்தில் இன்னொரு வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. 1885இல் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படை ஆப்கானியரை முறியடித்தபோது, இந்தியாவின் எல்லைக்கு ஆபத்து என்று பிரிட்டன் அலறியது. சமஸ்தான மன்னர்கள் தத்தம் செலவில் ஒரு படையை வைத்திருந்து, பேரரசு அழைக்கும்போது அனுப்ப வேண்டும் என்ற திட்டம் 1880களின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. இதற்கு ‘இம்பீரியல் சர்வீஸ்’ படைகள் என்று பெயர். மைசூர் லான்சர்ஸ் இப்படிப் பிறந்த படை.

மைசூரில் அதற்கான ஆட்கள் இருந்தனர். ஹைதர் அலி, திப்பு காலத்திலிருந்தே புகழ்பெற்றவர்கள் மைசூரின் சில்லேதார் குதிரை வீரர்கள். சொந்தக் குதிரையோடு வந்து பணியில் சேருபவரே சில்லேதார். ஒருகாலத்தில் ஆங்கிலேயரை நடுங்க வைத்த அந்தக் குதிரைப்படை, திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1807ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயருக்குத் துணைப்படையாக மாற்றப்பட்டது. 4,000 குதிரை வீரர்களை மைசூர் தன் செலவில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதற்கு மேலாகக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் 24.5 லட்சம் ரூபாய் கப்பம். அந்தச் சுமை யார் மீது ஏறியது? நிலவரியாக விவசாயி மீதே ஏறியது. 1830இல் நகர் பகுதி விவசாயிகள் கிளர்ந்தெழுந்ததற்கு வரிக்கொடுமை முதன்மைக் காரணம். அந்தக் கிளர்ச்சியைச் சாக்காக வைத்தே 1831இல் ஆங்கிலேயர் மைசூரின் ஆட்சியைத் தாமே எடுத்துக்கொண்டு, 1881 வரை வைத்திருந்தனர்.

ஆக, 1890களின் தொடக்கத்தில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு மைசூர் லான்சர்ஸ் அமைக்கப்பட்டபோது, அது மைசூர் மக்களின் வரிப்பணத்தில் நடந்த, மைசூர் மக்களின் கட்டுப்பாட்டில் இல்லாத படை. மன்னரின் கொடி, பிரிட்டிஷ் அதிகாரியின் மேற்பார்வை, விவசாயியின் பணம். 1914இல் போர் மூண்டபோது நால்வடி கிருஷ்ணராஜ உடையார் படையைக் கொடுத்ததோடு நில்லாமல் 50 லட்சம் ரூபாயும் வழங்கினார். அணைகளும் கல்விக்கூடங்களும் கட்டியவர் என்று அவரைப் பாராட்டுவோர், இந்த 50 லட்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சூயஸிலிருந்து ஹைஃபா வரை

1914 இறுதியில் மைசூர் லான்சர்ஸ் எகிப்து சென்றது. ஹைதராபாத், பாட்டியாலா ஆகிய சமஸ்தானங்களின் குதிரைப்படைகளுடன் சேர்ந்து அது 15ஆவது இம்பீரியல் சர்வீஸ் குதிரைப்படை பிரிகேடாக அமைந்தது. முதற்பணி சூயஸ் கால்வாயைக் காப்பது. இந்தியாவின் செல்வத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லும் கடல்வழியை இந்தியச் சிப்பாயே காவல் காத்தார். பின்னர் சினாய்ப் பாலைவனத்தைக் கடந்து பாலஸ்தீனத்துக்குள் படை நகர்ந்தது. 1918இல் பிரான்சிலிருந்து வந்த ஜோத்பூர் லான்சர்ஸ் இந்த பிரிகேடில் சேர்ந்தது.

செப்டம்பர் 23ஆம் நாள் நண்பகலுக்குப் பின் ஹைஃபா தாக்குதல் நடந்தது. ஒரு பக்கம் கார்மல் மலை. மறுபக்கம் கீசோன் ஆறும் அதன் சேறும். இடையிலிருந்த குறுகிய வழியைத் துருக்கியரின் இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் காத்து நின்றன. மைசூர் வீரர்களில் ஒரு பிரிவினர் செங்குத்தான மலைப்பாதையில் ஏறிப் பீரங்கிகள் இருந்த இடத்தைத் தாக்கினர். ஜோத்பூர் வீரர்கள் நேரே நகரை நோக்கிப் பாய்ந்தனர். அவர்களின் தலைவர் மேஜர் தல்பத் சிங் அங்கே மாண்டார். மாலைக்குள் நகரம் வீழ்ந்தது. 1,350 பேர் சிறைப்பட்டனர். 17 பீரங்கிகள் கைப்பற்றப்பட்டன. பிரிகேடின் இழப்பு 8 உயிர்கள், 34 காயங்கள். 60 குதிரைகள் மடிந்தன. இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஈட்டியும் வாளும் ஏந்திப் பாய்ந்த அந்த மனிதர்களின் துணிவை மறுப்பது நேர்மையாகாது, நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஹைஃபாவோடு கதை முடியவில்லை. விழா நடத்துவோர் பேசாத ஒரு நாள் உண்டு. 1918 அக்டோபர் 26ஆம் நாள், அலெப்போவுக்கு வடக்கே ஹரிதான் என்ற இடத்தில், முஸ்தபா கமாலின் படையை எதிர்த்து மைசூர், ஜோத்பூர் குதிரைப்படைகள் தாக்குதல் நடத்தின. எதிரியின் பலத்தைச் சரியாக அறியாமல் ஏவப்பட்ட அந்தத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பல வீரர்கள் மாண்டனர். நான்கே நாட்களில், அக்டோபர் 30 அன்று, துருக்கியோடு போர்நிறுத்தம் கையெழுத்தானது. நான்கு நாள் பொறுத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய மனிதர்கள் அவர்கள். அந்தத் தாக்குதலால் போரின் முடிவில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

அப்போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் கடல்கடந்து சென்றனர். 74,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பதிலுக்கு இந்தியாவுக்குக் கிடைத்தது என்ன? விலைவாசி உயர்வு, ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல், ரௌலட் சட்டம். ஹைஃபா வீழ்ந்து ஏழு மாதம் நிறைவதற்குள், 1919 ஏப்ரல் 13ஆம் நாள், ஜாலியன்வாலாபாக்கில் டயரின் துப்பாக்கிகள் வெடித்தன.

யாருக்கு விடுதலை?

ஹைஃபா ‘விடுவிக்கப்பட்டது’ என்றால், யாரிடமிருந்து யாருக்கு? 1916இலேயே பிரிட்டனும் பிரான்சும் சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தின் மூலம் அரபு நாடுகளை இரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டன. அரபு மக்களுக்குச் சுதந்திரம் வாக்களித்துக்கொண்டே செய்த பங்கீடு இது. நவம்பர் புரட்சிக்குப் பின் ஜாரின் ஆவணக் காப்பகத்தைத் திறந்த போல்ஷெவிக்குகள் இந்த இரகசிய ஒப்பந்தத்தை உலகறிய வெளியிட்டனர். 1917 நவம்பர் 2ஆம் நாள் பால்ஃபர் அறிக்கை வந்தது. மக்களில் பத்தில் ஒன்பது பேர் அரபியராக இருந்த ஒரு நாட்டை, அவர்களைக் கேட்காமலேயே, யூதர்களின் தேசிய இல்லமாக்கப் பிரிட்டன் வாக்களித்தது. அடுத்த ஆண்டு அந்த வாக்குறுதிக்கான நிலத்தைக் கைப்பற்றிக் கொடுக்கப் பயன்பட்டவர்கள் நம் குதிரை வீரர்கள்.

பின்னர் ஹைஃபாவில் பிரிட்டன் ஆழ்கடல் துறைமுகம் கட்டியது. 1930களின் நடுவில் ஈராக்கின் கிர்குக் எண்ணெய் வயலிலிருந்து குழாய் வழியே எண்ணெய் ஹைஃபாவுக்கு வந்தது. போரின் உண்மையான பொருள் அந்தக் குழாயில் ஓடியது. 1948 ஏப்ரல் 21, 22 ஆகிய நாட்களில் சியோனிஸ்டுப் படைகள் ஹைஃபாவைத் தாக்கின. பல்லாயிரம் பாலஸ்தீனர் துறைமுகத்தை நோக்கி ஓடிப் படகுகளில் ஏறினர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அரபு மக்கள் வாழ்ந்த நகரில் சில ஆயிரவரே எஞ்சினர். மைசூர் வீரர்கள் 1918இல் நுழைந்த தெருக்கள் இவையே. அகதிகளாக்கப்பட்ட அந்த மக்களிடம் சென்று ‘எங்கள் வீரர்கள் உங்கள் நகரை விடுவித்தார்கள்’ என்று யாரால் சொல்ல முடியும்?

ஹைஃபாவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது தொழிலாளர் நகரம். அரபுக் கம்யூனிஸ்டுகளின் ‘அல்-இத்திஹாத்’ இதழ் 1944இல் அங்கே தொடங்கப்பட்டது. எழுத்தாளரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எமில் ஹபீபி அந்நகரின் மகன். அரபியரும் யூதரும் ஒரே அமைப்பில் நின்று ஆக்கிரமிப்பை எதிர்த்த மரபு அது. ஹைஃபாவோடு நமக்கு உறவு வேண்டுமென்றால், இந்த மரபோடுதான்.

விடுதலை பெற்ற இந்தியா 1947இல் ஐ.நா. சபையில் பாலஸ்தீனப் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தது. காலனியாதிக்கத்தை அனுபவித்த ஒரு நாட்டின் இயல்பான நிலைப்பாடு அது. இன்று அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டதை மறைப்பதற்கே 1918ஆம் ஆண்டுச் சிப்பாய்கள் கல்லறையிலிருந்து அழைக்கப்படுகிறார்கள். 2023 ஜனவரியில் ஹைஃபா துறைமுகம் அதானி தலைமையிலான கூட்டமைப்பின் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த நினைவு விழாவின் வர்க்க உள்ளடக்கம் விளங்கும். ‘இரத்தத்தால் எழுதப்பட்ட நட்பு’ என்கிறார்கள். இரத்தம் விவசாயியின் மகனுடையது, துறைமுகம் அதானியுடையது.

இதில் இன்னொரு திரிப்பும் உண்டு. இந்துக்கள் முஸ்லிம் ஆட்சியிலிருந்து யூதர்களை மீட்டார்கள் என்ற வகுப்புவாத வண்ணம் பூசப்படுகிறது. மைசூர் லான்சர்ஸில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்தே இருந்தனர். தீன் மூர்த்தியின் மூன்று சிலைகளும் மைசூர், ஜோத்பூர், ஹைதராபாத் வீரர்களைக் குறிப்பவை. அவற்றுள் ஒன்று நிஜாமின் படையைச் சேர்ந்தது. சமயப் போராக அதைச் சித்திரிப்பவர்கள் அந்தச் சிலைகளையே சரியாகப் பார்த்ததில்லை.

மறுத்தவர்களின் வரிசை

பூந்தமல்லி தனி நிகழ்வு அல்ல. முதல் உலகப்போரிலும் இந்தியக் குதிரைப்படைகளில் மறுப்பு எழுந்தது. 1915இல் கதர் புரட்சியாளர்களோடு தொடர்பு கொண்ட 23ஆவது குதிரைப்படையினர் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர். 1916இல் பாஸ்ராவில் 15ஆவது லான்சர்ஸ் வீரர்கள் துருக்கியருக்கு எதிராக முன்னேற மறுத்தனர். நானூறுக்கும் மேற்பட்டோர் ராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டனர். 1930 ஏப்ரல் 23ஆம் நாள் பெஷாவரில், நிராயுதபாணிகளான பதான் மக்கள் மீது சுட கார்வால் ரைபிள்ஸ் வீரர்கள் மறுத்தனர். அவர்களின் தலைவர் சந்திரசிங் கார்வாலி நீண்ட சிறைவாசத்துக்குப் பின் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இணைந்தார். இந்துச் சிப்பாய்கள் முஸ்லிம் மக்களைச் சுட மறுத்த அந்த நாளைக் கொண்டாட மத்திய அரசு முன்வருமா? 1946 பிப்ரவரியில் பம்பாய்க் கடற்படை மாலுமிகள் எழுந்தபோது, உணவு, ஊதியம், இனப்பாகுபாடு ஆகிய கோரிக்கைகளிலிருந்து விடுதலை முழக்கத்துக்கு வந்தனர். 8ஆவது குதிரைப்படை நடந்த அதே பாதை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சென்றவர்களைத் துரோகிகள் என்றும் மறுத்தவர்களை வீரர்கள் என்றும் எளிதாகப் பிரிப்பது நம் பார்வையாக முடியாது. ஹைஃபாவுக்குச் சென்றவரும் பூந்தமல்லியில் நின்றவரும் ஒரே வர்க்கத்தின் பிள்ளைகள். வறண்ட நிலமும் கடனும் வரியும் அவர்களைப் படைக்குத் தள்ளின. சென்றவருக்கு வழிகாட்ட அமைப்பு இல்லை. மறுத்தவரைக் காக்கவும் அமைப்பு இல்லை. அமைப்பு இல்லாத மறுப்பு ஆற்காட்டிலும் தூக்கு மேடையிலும் முடிந்தது. நாம் குற்றஞ்சாட்டுவது அவர்களை அனுப்பியவர்களை. இன்று அவர்களின் எலும்புகளை விற்பவர்களை.

நமது கடமை

விடுதலைக்குப் பின் மைசூர் லான்சர்ஸ், பிற சமஸ்தானக் குதிரைப்படைகளோடு 1950களின் தொடக்கத்தில் 61ஆவது குதிரைப்படையில் இணைக்கப்பட்டது. ரெஜிமெண்டின் வரலாறு அங்கே முடிகிறது. ஆனால் அது எழுப்பிய கேள்விகள் முடியவில்லை.

1857இல் 8ஆவது குதிரைப்படை கேட்டது ஓய்வூதியம். 2022இல் கொண்டுவரப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்குப் பின் நான்கில் மூன்று வீரர்கள் ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். வீரத்தின் பெயரால் விழா எடுக்கும் அரசே வீரரின் ஓய்வூதியத்தைப் பறிக்கிறது. காஸா மீதான போர் தொடங்கியபின், பாலஸ்தீனத் தொழிலாளர்களை வெளியேற்றிய இஸ்ரேலின் கட்டுமான வேலைகளுக்கு இந்தியத் தொழிலாளர்கள் அனுப்பப்படுகின்றனர். 2024 ஜனவரியில் ரோத்தக்கிலும் லக்னோவிலும் அதற்கான ஆளெடுப்பில் இளைஞர்கள் வரிசையில் நின்றனர். அந்த இளைஞர்கள் மீது நமக்குக் கோபம் இல்லை. வேலையின்மை அவர்களை அந்த வரிசையில் நிறுத்தியது. அன்றைய சில்லேதாரின் பேரனைக் கப்பலில் ஏற்றிய அதே நிர்ப்பந்தம்.

அதே காலத்தில் மற்றொரு குரலும் எழுந்தது. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குச் செல்லும் ஆயுதங்களை ஏற்றவும் இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. நம் துறைமுகத் தொழிலாளர்களின் அறிவிப்பு அது. 8ஆவது குதிரைப்படையினருக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு இருக்கிறது: சங்கம், அனைத்திந்திய அமைப்பு, உலகத் தொழிலாளர்களின் ஆதரவு.

ஆகவே தோழர்களே, நம் கிளைகள் செய்ய வேண்டிய பணிகள் தெளிவானவை. செப்டம்பர் 23 வரும்போது ஒதுங்கியிராமல், சிவாஜி நகரிலும் அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் மக்களிடம் இந்த முழு வரலாற்றையும் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஜே.சி. நகர் நினைவுத்தூணில் உள்ள பெயர்களுக்கு மரியாதை செலுத்துவோம். அவர்களைச் சாகடித்த ஏகாதிபத்தியத்தின் பெயரையும் அங்கேயே சொல்வோம். பூந்தமல்லியில் நின்றவர்களின் கதையை நம் வாலிபர், மாணவர் அமைப்புகளின் வகுப்புகளில் பாடமாக்குவோம். பாலஸ்தீன மக்களுக்கான ஒருமைப்பாட்டு இயக்கத்தையும், ஓய்வூதியத்துக்கும் நிரந்தர வேலைக்குமான போராட்டத்தையும் ஒரே இயக்கத்தின் இரு கைகளாக நடத்துவோம்.